எட்டாம் வகுப்புக்குப் பிறகு எங்கே: டவுன் பஸ்ஸா, மெட்ரிக் வேனா, ஊரிலேயே உயர்நிலைப் பள்ளியா?

நடுநிலைப் பள்ளி மட்டும் இருக்கும் ஊரில், எட்டு முடித்த பிள்ளைகளுக்கு மே மாதம் டி.சி. எழுதும் வேலை நடக்கும். பதினாலு பிள்ளைகள் என்றால் பதினாலு வீட்டிலும் தனித்தனியாக ஒரு முடிவு எடுப்பார்கள். டவுனில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி, வேன் அனுப்பும் மெட்ரிக் பள்ளி, விடுதி, இல்லாவிட்டால் "பொம்பளப் புள்ளைக்கு இது போதும்". கிராம சபையில் யாராவது எழுந்து, "நம்ம ஸ்கூலையே பத்தாவது வரைக்கும் ஆக்கிட்டா என்ன?" என்று கேட்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு மனு போகும். அடுத்த மே மாதம் அதே கேள்வி மறுபடி வரும்.

இதில் வீட்டுக் கணக்கை மட்டும் போட்டால் ஊர் ஏமாந்துபோகும். ஒன்பதாம் வகுப்புக்கு அண்ணன் ஏறும் வேனில், அடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்புத் தம்பியும் ஏறிவிடுவான். வீட்டு வாசலுக்கு வண்டி வருகிறது, இரண்டு பேருக்கு என்றால் கட்டணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார்கள், யாருக்குத்தான் ஆசை வராது? இப்படி நாலு வீடு, பிறகு எட்டு வீடு. ஐந்தாறு ஆண்டில் ஊர்ப் பள்ளியில் மொத்தமே பதினைந்து பேர் என்று ஆகிவிடும். ஆசிரியர் பணியிடம் உபரி என்று கணக்காகி, பணிநிரவலில் வேறு ஊருக்குப் போய்விடும். ஆக, ஒன்பதாம் வகுப்பு எங்கே என்ற முடிவில் ஊரின் ஒன்றாம் வகுப்பும் அடங்கியிருக்கிறது.

முதலில் எண்ணிக்கை. உங்கள் ஊரையும் பக்கத்து ஊர்கள் மூன்றையும் சேர்த்து எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் என்று எழுதுங்கள். தலைமையாசிரியர்களிடம் எமிஸ் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் விவரம்) பதிவு இருக்கிறது, கேட்டால் அரை நாளில் கிடைத்துவிடும். கணக்குக்காக 14, 9, 11, 6 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40 பேர். கீழே வரும் எல்லாக் கணக்கும் இந்த நாற்பதைச் சுற்றித்தான். உங்கள் எண்கள் வேறாக இருந்தால் முடிவும் வேறாகும்.

டவுன் அரசு மேல்நிலைப் பள்ளி

இதன் பெரிய பலம் அளவு. ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்று பட்டதாரி ஆசிரியர்கள், தனி ஆய்வகம், உடற்கல்வி ஆசிரியர், பதினொன்றாம் வகுப்பில் அறிவியல், வணிகம், தொழிற்கல்வி என்று பல பிரிவுகள். பத்து முடித்த பிறகு மறுபடி பள்ளி தேட வேண்டியதில்லை. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் மேல்நிலைப் பள்ளிக்கு 20 கணினிகளும் உயர்நிலைப் பள்ளிக்கு 10 கணினிகளுமாகத்தான் அமைக்கப்பட்டது. அந்த வித்தியாசம் எல்லா வசதியிலும் தொடரும்.

பலவீனம் பள்ளிக்குள் இல்லை, பஸ் ஸ்டாப்பில் இருக்கிறது. பாஸ் இலவசம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட்டே கிடையாது. காசு பிரச்சினை தீர்ந்தது, இடமும் நேரமும் தீரவில்லை. உங்கள் ஊர் மூன்றாவது ஸ்டாப் என்றால் வண்டி ஏற்கெனவே நிரம்பித்தான் வரும். பையன்கள் படியில் தொங்குவார்கள், பெண் பிள்ளைகள் அடுத்த வண்டிக்கு நிற்பார்கள். அந்த அடுத்த வண்டி ஒன்பதரைக்கு. தினமும் முதல் பாடவேளை போய்விடும். முதல் பாடவேளை கணக்காக இருந்துவிட்டால் வருட முடிவில் அது மதிப்பெண்ணில் தெரியும். தனியார் மினி பஸ்ஸில் பாஸ் செல்லாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பத்தாம் வகுப்பில் சிக்கல் கூடும். காலையில் எட்டரைக்குச் சிறப்பு வகுப்பு, மாலையில் ஐந்தரை வரை இன்னொன்று. நவம்பரில் ஐந்தே முக்காலுக்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது. ஊருக்குத் திரும்பும் வண்டி ஆறரைக்கு என்றால், மகளை அனுப்பும் வீட்டில் முதலில் சிறப்பு வகுப்பு நிற்கும், பிறகு பள்ளியே நிற்கும். தேர்வு நாட்கள் இன்னொரு தொல்லை. பன்னிரண்டரைக்குத் தேர்வு முடியும், நாலு மணிவரை வண்டி இருக்காது. அந்த மூன்றரை மணி நேரம் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில்.

இதற்குப் புது பஸ் விடச் சொல்லி மனுக் கொடுப்பதுதான் வழக்கம். டெப்போவில் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே ஓடும் நடைக்கு (டிரிப்புக்கு) நேர மாற்றம் கேளுங்கள். 7.30 வண்டி 8.10க்கு வந்தால் போதும், டவுனிலிருந்து வரும் மாலை நடை ஒன்று இருபது நிமிடம் தள்ளினால் போதும் என்கிற மாதிரி. மனுவோடு ஒரு பக்க அட்டவணை வையுங்கள்: ஸ்டாப் பெயர், அங்கே ஏறும் பிள்ளைகள் எண்ணிக்கை, பள்ளி தொடங்கும் முடியும் நேரம், சனிக்கிழமை வேலைநாட்கள், காலாண்டு அரையாண்டுத் தேர்வு நேரம். டவுன் பள்ளித் தலைமையாசிரியரின் கடிதத்தை இணைத்துக் கிளை மேலாளரிடம் நேரில் கொடுங்கள். ஜூனில் கொடுக்க வேண்டிய மனு இது. ஆகஸ்டில் கொடுத்தால் அரையாண்டுக்குள் நடந்தால் அதிர்ஷ்டம்.

உதவித்தொகையிலும் ஒரு இழப்பு உண்டு, பலருக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் எழுதும் ஊரகத் திறனாய்வுத் தேர்வை ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளில் படிப்பவர்கள்தான் எழுத முடியும். டவுன் என்பது நகராட்சி என்றால் உங்கள் பிள்ளைக்கு அந்தத் தகுதி போய்விடும், வீடு குக்கிராமத்தில் இருந்தாலும் சரி. மாவட்டத்துக்கு 50 ஆண், 50 பெண் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்தான், பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தத் தேர்வுக்குத் தயாராகும் பழக்கம் ஒரு கிராமப் பள்ளியில் எவ்வளவு வேலை செய்யும் என்பது அங்கே பாடம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

மெட்ரிக் வேன்

ஆங்கிலத்துக்காகவும் ஒழுங்குக்காகவும் அனுப்புகிறோம் என்பார்கள். உண்மைக் காரணம் பல வீடுகளில் வேன்தான். வாசலில் ஏறி வாசலில் இறங்குவது, அதுவும் வளர்ந்த பெண் பிள்ளைக்கு. அந்தக் கவலையைக் கேலி செய்வதில் பயனில்லை. டவுன் பஸ் சரியாக வந்திருந்தால் பாதி வீடுகள் வேன் பக்கமே போயிருக்காது.

செலவைப் பார்க்கும்போது கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடக் கூடாது. வேன் கட்டணம், புத்தகம், இரண்டு விதச் சீருடை, ஆண்டு விழா என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அரசுப் பள்ளியில் கிடைக்கக்கூடியதில் எவற்றை இழக்கிறோம் என்பதை எதிரே எழுத வேண்டும். அந்த எதிர்ப்பக்கம் நீளமானது.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வில் தேறிய பிள்ளைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000. பிள்ளை அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளியிலேயே தொடர்ந்தால்தான் அது வரும். மெட்ரிக்கில் சேர்த்த அன்றே நின்றுவிடும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய், மூன்று ஆண்டுப் பட்டப்படிப்புக்கு 36,000. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, 2024-25 முதல் சேர்க்கப்பட்ட அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. விதிவிலக்கு ஒன்று: கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் எட்டுவரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. "பத்தாவது மட்டும் பிரைவேட்ல போட்டுட்டு, பதினொண்ணுக்குத் திரும்ப கவர்மெண்டுக்கு வந்துரலாம்" என்று கணக்குப் போடும் வீடுகள்தான் இதில் அதிகம் மாட்டுகின்றன. அந்த ஒரே வருடத்தில் ஒதுக்கீடு போய்விடும். பன்னிரண்டு முடித்து விண்ணப்பம் போடும் அன்றுதான் அது தெரியவரும்.

தமிழ்வழியை விட்டுவிட்டால் மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடும் கூடவே போகும். இது எல்லாப் பிள்ளைக்கும் பொருட்டில்லை. குரூப் தேர்வு எழுதும் கனவு உள்ள வீட்டுக்குப் பொருட்டு.

மெட்ரிக்கில் இன்னொன்றையும் நேராகக் கேட்டுவிடுங்கள்: போன ஆண்டு ஒன்பதில் எத்தனை பேர், அவர்களில் இந்த ஆண்டு பத்தில் எத்தனை பேர்? சதவீதம் காட்டும் பள்ளிகளில், மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முடிவில் டி.சி. கொடுத்து அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளும் இதில் முழுச் சுத்தம் இல்லை. நூறு சதவீதத் தேர்ச்சி என்ற பேனரைவிட இந்த இரண்டு எண்கள் அதிகம் சொல்லும்.

நம் பள்ளியையே தரம் உயர்த்துவது

இனி ஊருக்குப் பிடித்த வழி. இதற்கு வழக்கமாகக் கேட்கப்படுபவை: 5 கி.மீ. சுற்றளவில் வேறு அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கக் கூடாது, 3 ஏக்கர் நிலம் வேண்டும், ஊட்டுப் பள்ளிகளின் (இங்கே பிள்ளைகளை அனுப்பும் சுற்றுவட்டாரப் பள்ளிகளின்) மாணவர் எண்ணிக்கை வேண்டும், மக்கள் பங்குத்தொகை ஒரு லட்சம் ரூபாய். மேல்நிலைக்கு உயர்த்த 5 ஏக்கர், இரண்டு லட்சம். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், கிராம சபைத் தீர்மானம், தொலைவுச் சான்றும் வரைபடமும், நில ஆவணம் எல்லாம் தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று மேலே போகும். எந்தெந்தப் பள்ளி என்பது பெரும்பாலும் சட்டமன்ற மானியக் கோரிக்கையை ஒட்டித்தான் தெரியவரும். கோப்பு முழுமையாக இருக்கும் ஊரும் சில ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

பணம் சேர்வதில் சிக்கல் இல்லை. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பெஞ்சும் கடிகாரமும் நிலமும் கொடுத்த நாட்டில் ஒரு லட்சம் பெரிய காரியமில்லை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பத்துப் பேர் மனம் வைத்தால் ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும். கோப்பு நிற்பது நிலத்தில்.

"அந்தத் தோப்பை எங்க தாத்தா பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தாரு" என்பது ஆவணம் ஆகாது. வாய்ச்சொல்லாகக் கொடுத்த நிலத்தில் கட்டடம் கட்டி, பேரன் காலத்தில் வழக்கு வந்த கதை மாவட்டத்துக்கு நாலு இருக்கும். அரசின் பெயரில் பதிவான தானப் பத்திரம், வாரிசுகள் எல்லோரின் கையெழுத்து, உட்பிரிவு, பட்டா மாற்றம் நான்கும் முடிந்திருக்க வேண்டும். புறம்போக்கு என்றால் எந்தப் புறம்போக்கு என்று கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் பாருங்கள். நத்தம் (குடியிருப்பு நிலம்) என்றால் எளிது. மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்) என்றால் நீளும். ஏரி, குளம், வாய்க்கால் என்று இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். நீர்நிலையில் கட்ட நீதிமன்றமும் விடாது, ஐப்பசி மழையும் விடாது.

அறிவிப்பு வந்த பிறகு என்ன ஆகும் என்பதைத்தான் ஊர் யோசிப்பதில்லை. ஒன்று முதல் ஐந்து வரை தனித் தொடக்கப் பள்ளியாகப் பிரியும், ஆறு முதல் மேலே உயர்நிலைப் பள்ளி. முதல் ஆண்டு ஒன்பதாம் வகுப்பு, மறு ஆண்டு பத்து. அதே வளாகம், அதே தண்ணீர்த் தொட்டி, அதே சத்துணவுக் கூடம், ஆனால் இரண்டு தலைமையாசிரியர். கழிப்பறை யார் பொறுப்பு என்ற சண்டை முதல் வாரமே தொடங்கும். பிரியும் நாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

ஆசிரியர் கணக்கு இன்னும் முக்கியம். சிறிய உயர்நிலைப் பள்ளி என்றால் பாடத்துக்கு ஒருவராக ஐந்து பட்டதாரி ஆசிரியர்கள், ஒரு தலைமையாசிரியர். ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்பு. வகுப்புக்கு வாரம் 40 பாடவேளை. ஒரு முதன்மைப் பாடத்துக்கு வாரம் 7 என்று வைத்தால், கணக்கு ஆசிரியருக்கு 35 பாடவேளை வந்துவிடும். 40இல் 35! நோட்டு திருத்துவது, எமிஸில் பதிவேற்றுவது எல்லாம் மீதி ஐந்தில். ஆங்கிலவழிப் பிரிவும் வேண்டும் என்று ஊர் கேட்டால் 70 ஆகும். முடியாது என்பதால் இரண்டு வழிப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்து, பாடத்தைத் தமிழில் நடத்திக் கேள்வித்தாளை மட்டும் ஆங்கிலத்தில் கொடுப்பார்கள். பெயர் ஆங்கிலவழி.

இந்த ஐவரில் ஒருவர் பேறுகால விடுப்பில் போனால் 12 மாதம். அது அவர் உரிமை. மூன்று கணக்கு ஆசிரியர் உள்ள டவுன் பள்ளியில் அது தெரியவே தெரியாது. இங்கே பத்தாம் வகுப்பு ஒரு வருடம் கணக்கு ஆசிரியர் இல்லாமல் நிற்கும். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் வைக்க 2022இல் வந்த ஏற்பாட்டில், திருத்திய ஊதியம் பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 15,000 ரூபாய். அந்தச் சம்பளத்துக்குத் தினமும் முப்பது கிலோமீட்டர் வந்துபோக கணக்குப் படித்தவர் யார் கிடைப்பார்? பக்கத்து ஊர்களில் பி.எட். முடித்து வீட்டில் இருப்பவர்களின் பட்டியலை முன்பே வைத்திருக்கும் குழுவுக்குத்தான் ஆள் கிடைக்கும்.

தலைமையாசிரியர் பணியிடமும் அப்படியே. பஸ் வசதியில்லாத பள்ளிக்குப் பதவி உயர்வில் வருபவர் அடுத்த கலந்தாய்வில் மாறிப்போவது சகஜம். இடம் காலியானால் மூத்த ஆசிரியர் பொறுப்பு ஏற்பார். அலுவலகம், கூட்டம், கருவூலம் என்று அவர் அலையும்போது அவருடைய 35 பாடவேளை காற்றில். பொதுத் தேர்வுக்கும் சிறிய பள்ளிக்குத் தனி மையம் கிடைப்பது அரிது. தேர்வு நாளில் பிள்ளைகளை வேறு ஊருக்கு ஏற்றிப்போக வண்டி வேண்டும். அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருப்பதால் ஆய்வகத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. தனி அறை இல்லாவிட்டாலும் தண்ணீர்க் குழாய், கழுவுதொட்டி, பூட்டுள்ள அலமாரி மூன்றும் முதல் ஆண்டே வேண்டும்.

நம் எண்களோடு பார்த்தால், ஊர்ப் பிள்ளைகள் மட்டும் என்றால், வகுப்புக்கு 14 வீதம் ஆறு முதல் எட்டு வரை 42, ஒன்பதும் பத்தும் 28, மொத்தம் 70. இவ்வளவு சிறிய பள்ளியில் ஒரு பணியிடம் காலியானால் நிரப்பச் சொல்லும் குரலுக்கு வலு இருக்காது.

நாலு ஊருக்கு ஒன்று

இதே பள்ளிக்கு மற்ற மூன்று ஊர்களும் ஒன்பதிலிருந்து பிள்ளைகளை அனுப்பினால் ஒன்பதும் பத்தும் 80, மொத்தம் 122. ஒன்றிய அரசு நிதி தரும் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷாவின் பள்ளி மானியம் 100 பேர் வரை 25,000 ரூபாய், அதற்கு மேல் 250 வரை 50,000. எண்ணிக்கை கூடியதிலேயே தொகை இரட்டிப்பாகிறது. (மானியத்தை மட்டும் நம்பக் கூடாது. 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்காமல் வைத்ததை எல்லோரும் பார்த்தோம்.) நாற்பது பேர் உள்ள வகுப்பில் கபடிக்கு இரண்டு அணி சேரும், அறிவியல் கண்காட்சிக்கு ஆள் இருக்கும், படிப்பில் போட்டி இருக்கும். பதினாலு பேர் வகுப்பில் முதலிடம் யார் என்பது ஆறாம் வகுப்பிலேயே தெரிந்துபோன சங்கதி.

இந்த நாலு வழியில் இதுதான் மேல் என்பது எங்கள் முடிவு. எட்டுவரை அவரவர் ஊரில், ஒன்பதும் பத்தும் சைக்கிள் தூரத்தில், பதினொன்றுக்கு டவுன். பதினைந்து வயதுவரை பிள்ளை ஊர்ப்பக்கமே இருக்கும், சின்னப் பிள்ளைகளும் உள்ளூர்ப் பள்ளியில் தங்குவார்கள்.

ஆனால் எந்த ஊரில் என்று கேட்டவுடன் நாலு ஊரும் நாலு பக்கம் இழுக்கும். தலைவர்கள் பேசி முடிப்பதைவிட வரைபடத்தை வைத்துப் பேசுவது நல்லது. எல்லா ஊரிலிருந்தும் நாலைந்து கிலோமீட்டருக்குள் வர வேண்டும். நாலு வழிச்சாலையைப் பிள்ளைகள் குறுக்கே கடக்கக் கூடாது. மழைக்காலத்தில் மூழ்கும் தரைப்பாலம் வழியில் இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் பத்துப் பதினைந்து நாள் வருகை போய்விடும். வழியில் டாஸ்மாக் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றை யாரும் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள்: காலனிப் பிள்ளைகள் எந்தத் தெரு வழியாக வர வேண்டியிருக்கும் என்பது. சைக்கிளில் போகிறான் என்பதற்கே முறைக்கிற தெரு இருந்தால், அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வருவதற்குள் அந்தப் பிள்ளைகளில் பாதி காணாமல் போவார்கள். ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் பொதுவான தார்ச்சாலையில் வாசல் வைத்த பள்ளிதான் எல்லோருக்கும் பள்ளி. நவம்பரில் ஒருநாள் மாலை ஐந்தரைக்கு நாலு வழியையும் நடந்து பாருங்கள், அதுவும் இரண்டு அம்மாக்களை அழைத்துக்கொண்டு. தெருவிளக்கு எங்கே இல்லை என்பது ஆண்களைவிட அவர்கள் கண்ணில் முதலில் படும்.

சைக்கிளில் ஒரு ஓட்டை இருக்கிறது. அரசின் விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில்தான். நமக்கு வேண்டியது ஒன்பதில். பன்னிரண்டு முடித்துப் போகும் பிள்ளைகளிடமிருந்து பழைய வண்டிகளை வாங்கி, டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றி ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுப்பதை முன்னாள் மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம். முன்னாள் மாணவர்கள் கொடுக்க விரும்புவது பெரும்பாலும் பெயர் பொறித்த நுழைவாயில் வளைவு. பள்ளிக்கு வேண்டியது கழிப்பறையைத் தினம் இரண்டு முறை கழுவ ஒரு ஆளின் சம்பளம். மாதம் 3,000 என்றால் ஆண்டுக்கு 36,000, அதில் கல்வெட்டு வைக்க முடியாது. மாதவிடாய் நாட்களில் பெண் பிள்ளைகள் வராமல் போவதை அந்த 36,000 நிறுத்தும், வளைவு நிறுத்தாது. கட்டடம் போன்ற ஒருமுறைச் செலவுக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். நன்கொடைக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி வழியும் உண்டு. மாதாமாதம் வரும் செலவுக்குத்தான் ஊர் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

விடுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸும் இல்லை, பக்கத்தில் கூட்டுப் பள்ளிக்கும் வழியில்லை என்ற மலைப்பகுதிக்கு அதுதான் வழி. சவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கம் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. சமவெளியில் பிற்படுத்தப்பட்டோர் விடுதிக்கு வீட்டுக்கும் பள்ளிக்கும் 8 கி.மீ. இடைவெளி வேண்டும், பெண்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. வெளியூரில் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் வீடுகளுக்குப் பஸ், சைக்கிள் என்ற பேச்சே பொருந்தாது. அந்தப் பிள்ளைகளை விடுதிதான் காக்கும்.

பள்ளி ஊருக்கு என்ன தரும்

வாக்குச்சாவடி, தடுப்பூசி முகாம், கால்நடை முகாம் எல்லாம் பள்ளியில்தான். வாக்குச்சாவடியாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு: சாய்தளம், விளக்கு, தண்ணீர், கழிப்பறை இருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கேட்பதால், வருடக்கணக்காக நடக்காத ரிப்பேர் தேர்தலுக்கு முந்தைய மாதம் நடந்துவிடும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் ஓட்டு வீடும் கூரை வீடும் போனவர்கள் தங்கியது பள்ளிக் கட்டடங்களில்தான். கடலோர, டெல்டா ஊர்களில் நிலம் பார்க்கும்போது இதையும் பாருங்கள்: மேடான இடம், கான்கிரீட் தளம், கைப்பம்பு ஒன்று. மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. வருகைப் பதிவேடும் டி.சி. புத்தகமும் இருக்கும் அலமாரி ஜன்னலுக்குக் கீழே இருக்கக் கூடாது.

மூன்று ஏக்கர் மைதானம் வந்தால் மாலையில் வாலிபால் வரும், ஞாயிறில் கிரிக்கெட் வரும், அறுவடையில் நெல்லும் உளுந்தும் காய வரும், திங்கட்கிழமை காலை பாட்டில் துண்டும் கிடக்கும். சுற்றுச்சுவர் எழுப்பிப் பூட்டிவிட்டால் பாட்டில் குறையும், பள்ளி நமது என்ற எண்ணமும் சேர்ந்தே குறையும். பூட்டாமல் விட்டால் குழாய் காணாமல் போகும். நடுவழி ஒன்றுதான்: மாலை ஐந்தரை முதல் ஏழு வரை, விடுமுறையில் காலையும், மைதானம் மட்டும் திறந்திருக்கும். வகுப்பறைப் பக்கம் தனிக் கதவு. சாவி ஒன்று தலைமையாசிரியரிடம், இன்னொன்று மேலாண்மைக் குழுவில் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம். நெல் காயப்போடப் பள்ளி விடுமுறை நாட்கள் மட்டும். கல்யாணப் பந்தலுக்குக் கிடையாது, யார் வீட்டுக் கல்யாணமானாலும்.

கூட்டுப் பள்ளி என்று முடிவானால், நாலு ஊர்த் தீர்மானமும் ஒரே வாசகத்தில் இருக்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையிலேயே நிறைவேற்றிவிட்டால், தவறிப்போன ஊருக்கு நவம்பர் 1 சபை கையில் இருக்கும். பொங்கலுக்கு முன் கோப்பு மாவட்ட அலுவலகம் போய்ச் சேரும். தீர்மானத்தில் இடம், சர்வே எண், ஊட்டுப் பள்ளிகளின் பெயர், எட்டாம் வகுப்பு எண்ணிக்கை, பங்குத்தொகையில் ஒவ்வொரு ஊரும் தரும் தொகை எல்லாம் வரட்டும். பள்ளிக்கு யார் பெயர் வைப்பது என்ற பேச்சை மட்டும் அந்தக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். நிலமும் பணமும் தயாராக இருந்தும், அந்த ஒரு கேள்வியில் நாலு ஊர் இரண்டிரண்டாகப் பிரிந்துபோகும்.